உறைபனி, கழுநீர், பஞ்சாமிர்தம்: டீச்சர் பதில்கள்

சென்ற இதழில் பாம்புகளைப் பற்றி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களைவிடத் தண்ணீரைப் பற்றி வந்த கடிதங்கள் அதிகம். பரீட்சைக்காகக் கேட்டவர்களும் இருக்கிறார்கள்; நிலத்திலும் அடுப்படியிலும் நின்றுகொண்டு கேட்டவர்களும் இருக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே இடத்தில் பதில் சொல்கிறேன். பள்ளியில் உயிரியல் நடத்திய வாய் இது. நடுவில் கொஞ்சம் அதட்டல் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

"ஹைட்ரஜன் பிணைப்பு வலிமை குறைந்தது என்று ஒரு பக்கத்தில் இருக்கிறது. தண்ணீரின் சிறப்புக்கெல்லாம் அதுதான் காரணம் என்று அடுத்த பக்கத்தில் இருக்கிறது. எதை எழுதினால் மதிப்பெண் கிடைக்கும் டீச்சர்?"
— பிளஸ் ஒன் மாணவி, கேத்தி

இரண்டும் சரிதான் அம்மா. இரண்டையும் எழுது, எப்படி ஒத்துப்போகின்றன என்பதையும் சேர்த்து எழுது.

தண்ணீர் மூலக்கூறில் ஆக்சிஜன்தான் பேராசைக்காரன். ஹைட்ரஜனோடு பங்கிட்டுக்கொண்ட எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால் ஆக்சிஜன் பக்கம் லேசான எதிர்மின்தன்மையும், ஹைட்ரஜன் பக்கம் லேசான நேர்மின்தன்மையும் வந்துவிடுகின்றன. மூன்று அணுக்களும் நேர்கோட்டில் இருந்திருந்தால் இரு பக்க இழுப்பும் ஒன்றையொன்று சரிக்கட்டியிருக்கும். ஆனால் தண்ணீர் 104.5 டிகிரி கோணத்தில் வளைந்திருக்கிறது. ஆகவே ஒரு மூலக்கூறின் ஹைட்ரஜன் இன்னொன்றின் ஆக்சிஜனை நாடிப் போகிறது. இந்த ஈர்ப்புதான் ஹைட்ரஜன் பிணைப்பு. இப்படி ஒவ்வொரு மூலக்கூறும் நான்கு பேரோடு வரை சேரலாம்.

மூலக்கூறுக்குள் அணுக்களைச் சேர்த்து வைத்திருக்கும் சகப்பிணைப்பை உடைக்க ஒரு மோலுக்கு சுமார் 460 கிலோஜூல் வேண்டும். ஹைட்ரஜன் பிணைப்புக்கு 20 கிலோஜூல் அளவே போதும். ஆயுளும் குறைவு, ஒரு வினாடியை லட்சம் கோடியாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு, இரண்டு பங்கு நேரம்தான் நிற்கும். ஊட்டி மார்க்கெட்டுக்குள் நுழைந்தால் தெரிந்தவர் ஒருவரிடம் ஒரு வார்த்தை, நகர்ந்து அடுத்தவரிடம் ஒரு வார்த்தை என்று போவோமே, அப்படித்தான். யாரிடமும் நின்று பேசுவதில்லை; ஆனாலும் மார்க்கெட்டை விட்டு வெளியே வர ஒரு மணி நேரம் ஆகிவிடுகிறது. பிணைப்பு ஒவ்வொன்றும் லேசானது, எல்லாம் சேர்ந்தால் பிடி பெரிது.

சான்று வேண்டுமா? ஹைட்ரஜன் சல்ஃபைடைப் பார். அழுகிய முட்டையில் நாறுவது அது. அதன் மூலக்கூறு எடை 34, தண்ணீருக்கு 18. கனமானதுதான் பிந்திக் கொதிக்க வேண்டும். ஆனால் அது பூஜ்யத்துக்குக் கீழே 60 டிகிரியிலேயே கொதித்து வாயுவாகிவிடுகிறது. கந்தகத்துக்கு ஆக்சிஜன் அளவுக்கு இழுக்கும் பலம் இல்லை. தண்ணீரோ 100 டிகிரி வரை பிடித்துக்கொண்டு நிற்கிறது. இந்த ஒப்பீட்டை எழுதினால் விடைத்தாள் திருத்துபவர் நிமிர்ந்து உட்காருவார்.

"டிசம்பரில் உறைபனி விழுந்த மறுநாள் என் உருளைக்கிழங்குச் செடிகள் கருகிவிட்டன. பக்கத்தில் கேரட் தப்பித்தது. விடியும் முன் ஸ்பிரிங்ளர் போட்டவர்களின் நிலமும் தப்பித்தது. குளிரில் கிடக்கும் செடியை மேலும் நனைத்தால் அது எப்படிப் பிழைக்கும்?"
— விவசாயி, நஞ்சநாடு

ஐயா, இந்தக் கேள்விக்காகவே இந்த மாதப் பகுதியை எழுத உட்கார்ந்தேன்.

முதலில் பனி எப்படி விழுகிறது என்று பார்த்துவிடுவோம். மேகமில்லாத, காற்றில்லாத இரவில் நிலமும் இலையும் தம் வெப்பத்தை வானத்துக்கு விட்டுக்கொண்டே இருக்கின்றன. மேகம் இருந்தால் அதில் ஒரு பங்கு திரும்பி வரும். தெளிந்த வானம் திருப்பித் தருவது மிகக் குறைவு. அதனால் நம் தலை உயரத்தில் தெர்மாமீட்டர் 3 டிகிரி காட்டும்போதே இலைப்பரப்பு பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். காந்தலிலும் தலைக்குந்தாவிலும் புல்வெளி வெளுத்துக் கிடக்கும் காலையில் மேட்டு நிலங்கள் பச்சையாக இருப்பது இதனால்தான். ஊட்டி தாவரவியல் பூங்காவில் மலர்ச்செடிகளைக் கோத்தகிரி மிலார் என்னும் செடிகளைக் கொண்டு மூடி வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். மிலார், தான் மூடியிருக்கும் மலர்ச்செடிக்கு வெப்பம் எதையும் கொடுப்பதில்லை. இலைக்கும் வானத்துக்கும் நடுவே நின்று, போகிற வெப்பத்தை மறிக்கிறது, அவ்வளவே.

இனி ஸ்பிரிங்ளர். ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி குளிர வைக்க அதிலிருந்து ஒரு கலோரியை எடுத்தால் போதும். ஆனால் பூஜ்யம் டிகிரியில் இருக்கும் அதே ஒரு கிராமைப் பனிக்கட்டியாக்க 80 கலோரியை எடுத்தாக வேண்டும். அந்த 80 கலோரி எங்கே போகும்? தண்ணீர் ஒட்டியிருக்கும் இலைக்கும் சுற்றியுள்ள காற்றுக்கும் போகும். இலையின் மேல் தண்ணீர் உறைந்துகொண்டே இருக்கும் வரை இலை பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும். உப்பும் சர்க்கரையும் கரைந்திருக்கும் இலைச்சாறு உறைவதற்குப் பூஜ்யத்துக்குக் கொஞ்சம் கீழே போக வேண்டும். அந்த இடைவெளியில்தான் செடி பிழைக்கிறது.

இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. மோட்டாரைப் பாதியில் நிறுத்திவிட்டால் நனைந்த இலையிலிருந்து நீர் ஆவியாகத் தொடங்கும். ஒரு கிராம் ஆவியாவதற்கு ஏறத்தாழ 600 கலோரி வேண்டும். அதை இலையிடமிருந்துதான் எடுக்கும். உறைந்தபோது கொடுத்ததைப்போல் ஏழு மடங்குக்கும் மேல்! நனைக்காமல் விட்டிருந்தால்கூட அவ்வளவு கெட்டிருக்காது. ஆகவே வெயில் வந்து பனிக்கட்டி உருகும் வரை தெளிக்கத் தண்ணீர் இருந்தால் மட்டும் தொடங்குங்கள். இல்லையென்றால் முந்தின நாள் பகலிலேயே நிலத்தை நனைத்து வையுங்கள். ஈரமண் வெயிலின் வெப்பத்தைக் காய்ந்த மண்ணைவிட அதிகமாகச் சேர்த்துவைத்து, இரவில் மெல்ல விடும்.

செடி ஏன் கருகியது? தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பெருகும். அதனால் செல் வெடிக்கிறது என்று நாங்களே வகுப்பில் சொல்லியிருக்கிறோம். நிலத்தில் மெதுவாகக் குளிரும்போது நடப்பது வேறு. பனிக்கட்டி முதலில் செல்களுக்கு இடையே உள்ள வெளியில் உண்டாகிறது. அது செல்லுக்குள் இருக்கும் தண்ணீரை வெளியே இழுத்துக்கொண்டு வளர்கிறது. செல் வற்றிச் சுருங்க, அதன் சவ்வு சிதைகிறது. உறைபனி கொல்வது பெரும்பாலும் வறட்சியால். வெயில் ஏறியதும் சாறு ஒழுகிக் கலக்கிறது. இலைக்குள் தனித்தனியே இருந்த நொதியும் (வேதிமாற்றத்தை விரைவுபடுத்தும் பொருள்) ஃபீனால் பொருள்களும் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து கருக்கின்றன. குன்னூர்த் தேயிலைத் தொழிற்சாலையில் பச்சைக் கொழுந்தை நசுக்கியதும் செம்பு நிறத்துக்கு மாறுகிறதே, அதே வகை நொதியின் வேலைதான் இதுவும்.

கேரட் இயல்பாகவே லேசான உறைபனியைத் தாங்கும் பயிர். போதாக்குறைக்கு அதன் கிழங்கு மண்ணுக்குள் இருக்கிறது. குளிரில் அதன் சர்க்கரையும் கூடும். தென் அமெரிக்க மலைகளிலிருந்து வந்திருந்தாலும் நாம் பயிரிடும் உருளைக்கு அந்தத் தாங்குதிறன் இல்லை.

"மதுரையிலிருந்து ஊட்டிக்கு வந்திருக்கிறோம். பாத்திரத்தில் துவரம்பருப்பு வேகவே மாட்டேன் என்கிறது. முட்டை மட்டும் வெந்துவிடுகிறது. பருப்பு மோசமானதா?"
— குடும்பத்தலைவி, ஊட்டி

கடைக்காரரைத் திட்டாதீர்கள். ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்கு மேல் அடுப்பை எவ்வளவு எரித்தாலும் சூடு ஏறாது, கேஸ்தான் தீரும். முட்டையின் வெள்ளைக்கரு 60 டிகிரியைத் தாண்டியதுமே கட்டியாகத் தொடங்குகிறது. அதற்கு இந்தச் சூடு தாராளம். பருப்பின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் கரைவதற்குத்தான் சூடு பற்றவில்லை. குக்கரில் வையுங்கள், உள்ளே 115 டிகிரியைத் தாண்டிவிடும். புளியைப் பருப்பு வெந்த பிறகு சேருங்கள்; புளிப்பு பெக்டினைக் கரையவிடாது.

"எங்கள் ஊரில் ஒரு காலத்தில் உணவு ஆராய்ச்சிக்கூடம் இருந்ததாக என் தந்தை சொல்வார். உண்மையா? என் மருமகள் அரிசியை ஐந்து தண்ணீர் கழுவுகிறார். சத்தெல்லாம் கழுநீரில் போய்விடாதா?"
— ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், குன்னூர்

இரண்டு கேள்விக்கும் ஒரே கதைதான் பதில்.

1918-இல் ராபர்ட் மெக்கரிசன் என்ற ராணுவ மருத்துவர், குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஓர் அறையில் பெரிபெரி நோய் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். அது வளர்ந்து 1928-இல் உணவூட்ட ஆராய்ச்சிக்கூடமானது. 1958-இல் ஹைதராபாத்துக்குப் பெயர்ந்தது. இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதுதான். மெக்கரிசன் எலிகளைப் பிரித்து, இந்தியாவின் ஒவ்வொரு பகுதி மக்களும் சாப்பிடும் உணவை ஒவ்வொரு கூட்டத்துக்கும் கொடுத்துப் பார்த்தார். கோதுமை, பால், பருப்பு, காய்கறி தின்ற வடமேற்கு எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. தீட்டிய அரிசியை நம்பிய நம் சென்னை மாகாணத்து எலிகள் பின்வரிசையில் நின்றன. படிக்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் ரோஷமாகத்தான் இருக்கும். ஆனால் எலி பொய் சொல்லாது.

பெரிபெரி வருவது தயமின் என்கிற பி1 வைட்டமின் குறைவால். அது அரிசியின் தவிட்டிலும் முளையிலும்தான் அதிகம். தயமின் மூலக்கூறில் மின்னூட்டம் இருக்கிறது. தண்ணீர் மூலக்கூறுகள் அதைச் சூழ்ந்துகொண்டு எளிதில் கரைத்துவிடும். மில்லில் தீட்டும்போது பெரும்பங்கு தவிட்டோடு போகிறது. கழுவும்போது மிச்சத்தில் ஒரு பங்கு போகிறது. வடித்துக் கஞ்சியைக் கொட்டினால் இன்னொரு பங்கும் போயிற்று. ஆனால் நெல்லை ஊறவைத்து அவித்துக் காயவைக்கும்போது அதே தண்ணீர் தயமினைத் தவிட்டிலிருந்து அரிசியின் உள்ளே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறது. பிறகு தீட்டினாலும் கழுவினாலும் அவ்வளவாகப் போகாது. புழுங்கல் அரிசி தின்ற பகுதிகளைவிட, தீட்டிய பச்சரிசி தின்ற ஆந்திரக் கடலோரத்தில் பெரிபெரி அதிகம் இருந்ததற்கு இதுதான் காரணம். புழுங்கலைக் கேவலமாகப் பார்க்கும் உறவினர் எனக்கும் உண்டு. அவர்களுக்கு இதைப் படித்துக் காட்டுவேன்.

இன்னொன்று: தயமினின் அமைப்பைக் கண்டறிந்து 1936-இல் செயற்கையாகச் செய்துகாட்டிய ராபர்ட் வில்லியம்ஸ் அமெரிக்கர், ஆனால் பிறந்தது 1886-இல், அன்று சென்னை மாகாணத்திலிருந்த நெல்லூரில்.

உங்கள் ஊரைச் சுற்றி கேரட் கழுவும் இயந்திரங்கள் ஓடுகின்றன. எவ்வளவு கழுவினாலும் கேரட் நிறம் மங்குவதில்லை. பீட்டா கரோட்டின் மூலக்கூறில் 40 கார்பன், 56 ஹைட்ரஜன்; ஆக்சிஜன் ஒன்றுகூடக் கிடையாது. தண்ணீர் பிடித்து இழுக்க அதில் பிடிமானமே இல்லை. அது எண்ணெயில்தான் கரையும். ஆகவே கேரட்டைத் தாளித்துச் சாப்பிடுங்கள்; அரிசியை இரண்டு தண்ணீரோடு விட்டு, குக்கரில் அளவாக நீர் வைக்கச் சொல்லுங்கள். இரண்டாம் கழுநீரைச் செட்டிநாட்டில் மண்டி என்ற குழம்பு வைக்க எடுத்துக்கொள்வார்கள். மருமகளிடம் இதை எப்படிச் சொல்வது என்பது மட்டும் உயிரியலில் இல்லை.

"பழனிப் பஞ்சாமிர்தத்தில் வாழைப்பழம் இருக்கிறது. உரித்த பழம் ஒரே நாளில் கெடுகிறது; பஞ்சாமிர்தம் கெடுவதில்லையே?"
— கல்லூரி மாணவர், பழனி

தண்ணீரை வேறு ஒருவர் பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறார். ஒரு சர்க்கரை மூலக்கூறில் எட்டு ஹைட்ராக்சில் தொகுதிகள், அதாவது ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த ஜோடிகள், உண்டு. ஒவ்வொன்றும் தண்ணீரோடு ஹைட்ரஜன் பிணைப்பில் சேரும். பஞ்சாமிர்தத்தில் ஒரு சொட்டுத் தண்ணீரும் சேர்ப்பதில்லை. விருப்பாச்சி மலைப்பழத்தில் இருக்கும் நீர் மட்டுமே. நாட்டுச்சர்க்கரையும் கற்கண்டும் தேனும் பேரீச்சையும் அந்த நீரையும் தம்மோடு கட்டிவைத்துவிடுகின்றன. அதில் விழும் பாக்டீரியா குடிக்க நீரின்றி, தன் உடலிலிருக்கும் நீரையும் இழந்து அடங்கிவிடும். ஈரக் கரண்டியைப் போட்டீர்களானால் அந்த இடத்தில் சர்க்கரை நீர்த்துப்போய், பூஞ்சைக்கு வழி திறந்துவிடும்.

அந்தப் பழத்தையும் கவனியுங்கள். காயாக இருக்கும்போது அதில் மாவுச்சத்து, அதாவது நீளமாகக் கோத்த குளுக்கோஸ். ஒவ்வொரு கோப்பிலும் ஒரு தண்ணீர் மூலக்கூறு வெளியேறியிருக்கும். பழுக்கும்போது நொதிகள் பெரும்பாலும் அந்த ஒரு தண்ணீர் மூலக்கூறைத் திரும்பச் சேர்த்தே அறுக்கின்றன; இனிப்பு வருகிறது. புரதமும் கொழுப்பும் டிஎன்ஏவும் இதே கணக்கில்தான் கட்டப்படுகின்றன, உடைக்கப்படுகின்றன.

"தோடர் மந்துப் பக்கம் எருமைகள் புல்லை மட்டும் தின்று இவ்வளவு பெரிதாக இருக்கின்றன. நாம் புல் தின்றால் என்ன?"
— ஏழாம் வகுப்பு மாணவன், முத்தோரை

வயிறு வலிக்கும். புல்லில் இருப்பதும் குளுக்கோஸ்தான், ஆனால் செல்லுலோஸாகக் கோத்திருக்கிறது. இணைப்பின் திசை மாறியதால் சங்கிலிகள் நேராக நீண்டு, பக்கத்துச் சங்கிலியோடு ஹைட்ரஜன் பிணைப்புகளால் இறுகிவிடுகின்றன. அதை அறுக்கும் நொதி நமக்கு இல்லை. எருமைக்கும் இல்லை, அதன் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்களுக்கு இருக்கிறது. நல்ல கேள்வி, மாதம் ஒன்று எழுது.

"குளிருக்கு ஆட்டுக்கால் சூப் வைத்தால், மறுநாள் காலையில் அல்வா போல் கட்டியாக நிற்கிறது. கொழுப்பா?"
— டாக்ஸி ஓட்டுநர், கொடைக்கானல்

மேலே வெள்ளையாகப் படிவது கொழுப்பு. கீழே ஆடிக்கொண்டு நிற்பது புரதம். எலும்பு, மூட்டு, தோலில் இருக்கும் கொலாஜன் மூன்று இழைகள் சேர்ந்து முறுக்கியது. மெல்லக் கொதிக்கும்போது இழைகளைச் சேர்த்திருந்த ஹைட்ரஜன் பிணைப்புகள் விட்டுப்போய், இழைகள் பிரிந்து ஜெலட்டின் ஆகின்றன. ஆறும்போது பழையபடி முறுக்கிக்கொள்ள முயன்று, அங்கங்கே சிக்கி வலையாகி, தண்ணீரை உள்ளே சிறைவைக்கின்றன. மீண்டும் சுடவைத்தால் விட்டுவிடும்.

அந்த மூன்று இழை முறுக்கை உலகத்துக்கு முதலில் சொன்னது சென்னைதான். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-இல் 'நேச்சர்' இதழில் அதை வெளியிட்டார்கள். புரதச் சங்கிலியில் கோத்திருக்கும் மணிகள்தான் அமினோ அமிலங்கள். மூன்றாவதாக வரும் ஒவ்வோர் அமினோ அமிலமும் கிளைசினாக இருந்தால்தான் முறுக்கின் நடுவே இடம் பற்றும். கிளைசின்தான் எல்லாவற்றிலும் சிறியது. 1963-இல் ராமச்சந்திரன், சசிசேகரன், ராமகிருஷ்ணன் மூவரும், புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்பலாம் என்று காட்டும் வரைபடத்தைத் தந்தார்கள். அதைப் புரத ஆராய்ச்சியாளர்கள் இன்றும் ராமச்சந்திரன் பெயரால்தான் அழைக்கிறார்கள். சவாரியில் வரும் கல்லூரிப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள், எத்தனை பேருக்குத் தெரிகிறது என்று.

"ஒரு கூட்டத்துக்கு அழைத்துப்போய், தண்ணீரை அறுகோணமாக அடுக்கும் கருவி என்று ஒன்றை விற்கப் பார்த்தார்கள். அந்தத் தண்ணீர் செல்லுக்குள் சுலபமாக நுழையுமாம். வாங்கலாமா?"
— வாசகி, கோத்தகிரி

வேண்டாம். அறுகோணமாக அடுக்கிய தண்ணீர் பனிக்கட்டியில் இருக்கிறது. திரவத்தில் எந்த அடுக்கும் பாட்டிலின் மூடியைத் திருகும் நேரம்கூட நிற்காது. கேத்தி மாணவிக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள். செல்லுக்குள் தண்ணீர் போவதற்கு அக்குவாபோரின் என்ற புரதத்தாலான வழிகள் உண்டு. அவற்றைக் கண்டறிந்த பீட்டர் ஆக்ருக்கு 2003-இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அந்த வழியில் மூலக்கூறுகள் ஒவ்வொன்றாகத்தான் போக முடியும். அறுகோணமாக வந்தாலும் வாசலில் கலைந்து வரிசையில்தான் நிற்க வேண்டும். குடிதண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள்.

"எங்கள் மலைப்பூண்டைப் பச்சையாக நசுக்கினால் கண்ணில் நீர் வருகிறது. தோலோடு முழுதாகச் சுட்டால் காரமே இல்லை. காரம் எங்கே போகிறது?"
— பூண்டு விவசாயி, பூம்பாறை

போகவில்லை ஐயா, உண்டாகவே இல்லை. முழுப்பல்லில் அல்லியின் என்ற மணமற்ற பொருள் ஓரிடத்திலும், அல்லினேஸ் என்ற நொதி வேறோர் இடத்திலும் இருக்கின்றன. நசுக்கினால் இரண்டும் சந்தித்து, நொடிகளில் அல்லிசின் உண்டாகிறது. வாசனை, காரம், கிருமியை அடக்கும் குணம் எல்லாம் அதனுடையவை. நொதி ஒரு புரதம். தண்ணீரை விரும்பாத அமினோ அமிலங்கள் உள்ளேயும், விரும்புபவை வெளியேயும் இருக்கும்படி மடிந்த உருவம் அதற்கு உண்டு. சூட்டில் அந்த மடிப்பு அவிழ்ந்துவிட்டால் நொதி வேலை செய்யாது. முழுதாகச் சுடும்போது, அல்லியினைச் சந்திக்கும் முன்பே அல்லினேஸ் கெட்டுவிடுகிறது. காரம் வேண்டியவர்கள் நசுக்கிச் சற்று நேரம் வைத்துவிட்டு எண்ணெயில் போடட்டும். குழந்தைகளுக்குத் தோலோடு சுட்டே கொடுங்கள்.